இடக்கை மோதிர விரலின் நடுமூட்டுக் காயம்: ஒரு ஹாக்கி வீராங்கனையின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வில் வருபவர் 21 வயது ஹாக்கி வீராங்கனை. வலக்கைப் பழக்கம் உள்ளவர். நடுக்களத்தின் இடப்பக்கம் ஆடுபவர். எதிரணிக்குக் கோல் அடிக்கத் தரப்படும் தனி வாய்ப்பான பெனால்டி கார்னரைத் தடுக்கும்போது கோல் கோட்டுக்குப் பின்னாலிருந்து முதல் ஆளாகப் பாய்ந்து வெளியே வரும் 'ஃபர்ஸ்ட் ரஷர்' பொறுப்பும் அவருடையதுதான். இதற்கு முன் கையிலோ விரலிலோ சொல்லும்படியான காயம் இல்லை. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் விடப்பட்டுள்ளன. ஆய்வை வெளியிட அவர் ஒப்புதல் தந்திருக்கிறார்.

அவருடைய அணியில் காயப் பதிவேடு ஒன்று இருந்தது. கணுக்கால் பிசகல், பின்தொடைத் தசை இழுப்பு, குனிந்தபடியே ஓடுவதால் வரும் கீழ்முதுகு வலி ஆகியவை அதில் ஒழுங்காகப் பதிவாகியிருந்தன. எப்போது ஓடத் தொடங்கினார், எப்போது முழுப் பயிற்சிக்கு வந்தார் என்பது வரை குறிப்புகள் இருந்தன. விரல் காயங்களுக்கு மட்டும் ஆளுக்கு ஒரு வரி. கணுக்கால் பிசகியவரால் ஓட முடியாது, அதனால் அவரைக் கவனித்தே ஆக வேண்டும். விரலில் அடிபட்டவர் டேப் சுற்றிக்கொண்டு ஓடிவிடுகிறார், அதனால் அணி அவரை மறந்துவிடுகிறது.

ஹாக்கியில் இடக்கைக்கு உள்ள இடத்தை இங்கே சொல்லியாக வேண்டும். மட்டையின் வளைந்த பின்புறத்தால் பந்தை ஆட விதி அனுமதிப்பதில்லை. இடக்கைக்காரர்களுக்கென்று தனி மட்டையும் கிடையாது. எந்தக் கைப் பழக்கம் உள்ளவரானாலும் இடக்கை மட்டையின் உச்சியைப் பிடிக்கும், வலக்கை கீழே இருக்கும். இடப்பக்கம் வரும் பந்தை மட்டையைத் திருப்பிப் பிடித்து ஆடுவது ரிவர்ஸ் ஸ்டிக், அப்படி மட்டையைத் திருப்புவது இடக்கை. வலக்கை தளர்ந்து நின்று மட்டை சுழல இடம் கொடுக்கும். இடக்கைப் பிடியின் உறுதி பெரிதும் மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் இருக்கிறது. அதனால் மருத்துவக் குறிப்பில் 'பழக்கமில்லாத கை' என்று எழுதப்படும் இடக்கைதான் ஆட்டத்தில் முதன்மைக் கை. இந்த நிகழ்வில் அந்தக் குறிப்பே காயத்தைச் சிறியதாகக் காட்டியது.

காயம் பட்ட நேரம்

ஆட்டத்தின் மூன்றாம் கால்பகுதி. செயற்கைப் புல்தரை, தண்ணீர் தெளித்த மைதானம். எதிரணியின் முன்கள வீராங்கனை பந்தோடு வேகமாக வர, இவர் மட்டையைத் தரையோடு கிடையாகப் படுக்கவைத்துத் தடுத்தார். இந்தத் தடுப்பில் இடக்கையின் முட்டிகள் ஏறக்குறைய புல்லைத் தொடும். எதிராளி பந்தைத் தட்டிய பின் அவருடைய மட்டை வீச்சின் மிச்ச வேகத்தில் வந்து, இவருடைய மோதிர விரலின் முதுகுப்பக்கம் நடுமூட்டுக்குச் சற்றுக் கீழே இறங்கியது. விரல் மட்டைப்பிடிக்கும் தரைக்கும் நடுவே சிக்கி உள்நோக்கி மடங்கியது.

அவர் அணிந்திருந்தது அரைவிரல் கிளவுஸ். அதன் மெத்தை அடிமூட்டுகளையும் முதல் எலும்பையும் மூடி, நடுமூட்டுக்கு முன்பாகவே முடிந்துவிடும். அடி விழுந்தது அந்த விளிம்புக்கு வெளியே.

அவர் வெளியே வந்தார். மூட்டு வீங்கத் தொடங்கியிருந்தது, தோல் கிழியவில்லை. முதலுதவி பார்த்தவர் விரலை நீட்டி ஒரு முறை இழுத்துவிட்டார், குளிர் ஸ்பிரே அடித்தார், மோதிர விரலை நடுவிரலோடு சேர்த்து டேப் சுற்றினார். விரலை நீட்டச் சொன்னபோது நீட்டினார், மடக்கச் சொன்னபோது வலியோடு மடக்கினார். ஏறக்குறைய 4 நிமிடத்தில் மீண்டும் களத்தில் இருந்தார். ஹாக்கியில் ஆள் மாற்றுவதற்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. பெனால்டி கார்னர் நடக்கும் நேரம் நீங்கலாக எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஆகவே அவரைக் கூடுதலாகப் பத்து நிமிடம் வெளியே உட்கார வைத்திருந்தாலும் அணிக்கு இழப்பு இல்லை. அன்று அந்த நேரம் எடுத்துக்கொள்ளப்படவில்லை.

பதிவேட்டில் எழுதப்பட்டது: 'இடக்கை மோதிர விரல், சுளுக்கு, டேப்.' விரல் எந்தத் திசையில் மடங்கியது என்று எழுதப்படவில்லை. பின்னால் நடந்த எல்லாவற்றையும் பார்க்கும்போது மிக முக்கியமான தகவல் அதுதான்.

1 முதல் 3ஆம் நாள் வரை

மறுநாள் மூட்டு முழுவதும் நீலம் பாய்ந்து வீங்கியிருந்தது. 3ஆம் நாள் எக்ஸ்ரே எடுக்கப்பட்டது. எடுத்தது கை முழுவதற்குமான இரண்டு படங்கள், நேர்ப்படமும் சாய்வுப்படமும். அந்த ஒரு விரலுக்கான சரியான பக்கவாட்டுப் படம் எடுக்கவில்லை. கை முழுவதையும் பக்கவாட்டில் எடுத்தால் விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து நடுமூட்டு மறைந்துபோகும். சாய்வுப்படத்தில் மூட்டின் முதுகு விளிம்பில் பெயர்ந்த சிறு எலும்புத் துணுக்கு கண்ணுக்குத் தப்பலாம். 'எலும்பு முறிவு இல்லை' என்று அறிக்கை வந்தது. முறிவு உண்மையிலேயே இல்லை என்பது பிறகு உறுதியானது. ஆனால் 'முறிவு இல்லை' என்ற சொல்லை எல்லோரும் 'பெரிதாக ஒன்றுமில்லை' என்று எடுத்துக்கொண்டார்கள்.

தரப்பட்ட ஆலோசனை: பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டுதல், ஐஸ், வலி தாங்கும் அளவுக்கு மடக்கி நீட்டுதல், ஒரு வாரம் கழித்து மென்பந்தை அழுத்தும் பயிற்சி.

இந்த ஆலோசனையை அறியாமை என்று ஒதுக்க முடியாது. விரலின் நடுமூட்டில் பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறான காயம்: பந்தோ மட்டையோ விரல் நுனியில் மோதி மூட்டு பின்னோக்கி வளைவது. அப்போது மூட்டை உள்ளங்கைப் பக்கம் தாங்கும் தடித்த திசுத் தட்டும் பக்கத் தசைநார்களும் பாதிக்கப்படும். மூட்டு நிலையாக இருந்தால் சேர்த்துக் கட்டி சீக்கிரம் அசைப்பதே சரியான வழி, நீண்ட நாள் அசையாமல் வைத்தால் மூட்டு இறுகிவிடும். பத்தில் பல விரல்களுக்கு நன்மை செய்த பழக்கம் இந்த விரலுக்குக் கேடு செய்தது. அடி முதுகுப்பக்கம் விழுந்தது, விரல் முன்னோக்கி மடங்கியது என்ற விவரம் எழுதப்பட்டிருந்தால் யாராவது ஒருவர் நின்று யோசித்திருக்கக்கூடும்.

4 முதல் 18ஆம் நாள் வரை

6ஆம் நாள் லேசான பயிற்சி, 10ஆம் நாள் முழுப் பயிற்சி. வீக்கம் பாதியாகக் குறைந்தது. விரல் ஏறக்குறைய நேராகவே நின்றது. வலி மட்டும் போகவில்லை, அதுவும் மூட்டின் முதுகில் ஒரே புள்ளியில். இரண்டாம் வார முடிவில் டேப்பைப் பிரிக்கும்போதெல்லாம் விரல் சற்று மடங்கியே இருப்பதை அவர் கவனித்தார். மேசையில் கையைக் கவிழ்த்து வைத்தால் நடுமூட்டு மேலே தூக்கிக்கொண்டு நின்றது. வீக்கம் போனால் சரியாகிவிடும் என்று சொல்லப்பட்டது. மென்பந்துப் பயிற்சி தொடர்ந்தது.

18ஆம் நாள் ரிவர்ஸ் ஸ்டிக்கில் பந்தை நிறுத்தும்போது மட்டை கையில் சுழன்று நழுவியது. அடுத்தடுத்து மூன்று முறை அப்படி நடந்தது. மட்டையைப் பிடித்த கையைப் பார்த்தபோது மோதிர விரலின் நுனிமூட்டு மடங்காமல் மேல்நோக்கி விறைத்து நின்றது. அப்போதுதான் கைக்காயங்களைப் பார்க்கும் சிறப்பு மருத்துவரிடமும் கைப்பயிற்சிச் சிகிச்சையாளரிடமும் அனுப்பப்பட்டார்.

19ஆம் நாள்: பரிசோதனையில் கண்டவை

நடுமூட்டைத் தானாக நீட்டச் சொன்னால் நேராவதற்கு 45° குறைவு. சிகிச்சையாளர் கையால் மெல்ல நீட்டினாலும் 25° குறைவு. இந்த இரண்டு எண்களும் இரண்டு வெவ்வேறு பிரச்சினைகள். முதலாவது, மூட்டை இழுத்து நீட்ட வேண்டிய நாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) இழுக்கவில்லை என்கிறது. இரண்டாவது, மூட்டின் உள்ளங்கைப் பக்கத் திசுக்கள் சுருங்கி இறுகத் தொடங்கிவிட்டன என்கிறது. நடுமூட்டின் மடக்கம் 90° வரை இருந்தது. நுனிமூட்டு 10° மிகையாகப் பின்வளைந்து நின்றது. நடுமூட்டை இயன்றவரை நீட்டிப் பிடித்துக்கொண்டு நுனியை மடக்கச் சொன்னால் 15° மட்டுமே வந்தது. வலக்கையின் அதே விரலில் 60°. பிடிவலு இடக்கையில் 19 கிலோ, வலக்கையில் 31 கிலோ.

முடிவைத் தீர்மானித்தது எல்சன் சோதனை. விரலை மேசை விளிம்பில் நடுமூட்டு 90° மடங்கித் தொங்கும்படி வைத்து, நடு எலும்பின் முதுகில் பரிசோதிப்பவர் ஒரு விரலால் எதிர்ப்புக் கொடுக்க, 'நீட்டுங்கள்' என்று சொல்வார். நாண் நலமாக இருந்தால் நடு எலும்பு வலுவாகத் தள்ளும், நுனிமூட்டு தளர்ந்து ஆடும். நடு நாண் அறுந்திருந்தால் தள்ளும் வலு இருக்காது, மாறாக நுனிமூட்டு விறைத்து நீளும். இவருக்கு நுனி கம்பிபோல் விறைத்தது. வலக்கையில் செய்தபோது நுனி தளர்ந்தே இருந்தது.

விரலுக்கு மட்டுமான பக்கவாட்டு எக்ஸ்ரே அன்றே எடுக்கப்பட்டது. எலும்புத் துணுக்கு இல்லை, மூட்டு சரியான பொருத்தத்தில் இருந்தது. மோதிர விரலின் நடு நாண் அதன் ஒட்டிடத்தில் அறுந்து, பூட்டோனியர் எனப்படும் வளைவு உருவாகிக்கொண்டிருக்கிறது என்று முடிவு செய்யப்பட்டது.

முதல் நாளில் ஏன் தெரியவில்லை

விரலின் முதுகில் ஓடும் நீட்டு நாண் முதல் எலும்பின் மேல் மூன்றாகப் பிரிகிறது. நடு நாண் எனப்படும் நடுப்பட்டை நடு எலும்பின் அடியில் ஒட்டி நடுமூட்டை நீட்டுகிறது. இரண்டு பக்கப்பட்டைகள் மூட்டைத் தாண்டிப் போய் ஒன்றுசேர்ந்து நுனி எலும்பை நீட்டுகின்றன. நடுப்பட்டை அறுந்த அன்று பக்கப்பட்டைகள் இன்னும் மூட்டின் முதுகுப்பக்கத்திலேயே இருக்கும். அவை இழுப்பதாலேயே விரல் நேராகும். அதனால்தான் மைதானத்தில் 'நீட்டு' என்றபோது அவரால் நீட்ட முடிந்தது. அந்தக் கேள்வியால் இந்தக் காயத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

பிறகு ஒவ்வொரு முறை நடுமூட்டு மடங்கும்போதும் பக்கப்பட்டைகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் சரிகின்றன. அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கும் மெல்லிய முக்கோணத் திசு இழுபட்டுத் தளர்கிறது. ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் பட்டைகள் மூட்டின் சுழலச்சுக்குக் கீழே இறங்கிவிடும். அதன் பிறகு நீட்டுவதற்காக இழுக்கும் அதே பட்டைகள் நடுமூட்டை மடக்கும், நுனியை மட்டும் மிகையாக நீட்டும். சட்டையின் பொத்தான் துளைக்குள்ளிருந்து பொத்தான் வெளிவருவதுபோல், மூட்டின் தலை இரண்டு பட்டைகளுக்கு நடுவே மேலெழும். மென்பந்தை அழுத்திய ஒவ்வொரு முறையும் இந்தச் சரிவு கொஞ்சம் கூடியது.

எடுத்த முடிவும் காரணமும்

மூன்று வழிகள் அவர்முன் வைக்கப்பட்டன. ஒன்று, தொடரின் மீதமுள்ள 5 வாரத்தை டேப்போடு ஆடிவிட்டுப் பிறகு பார்ப்பது. அவர் முதலில் விரும்பியது இதைத்தான். இரண்டு, அறுவைச் சிகிச்சை. மூன்று, இறுகிய மூட்டைத் தொடர் மாவுக்கட்டால் நேராக்கி, நேரான நிலையிலேயே 6 வாரம் வைத்திருப்பது.

முதல் வழி ஏன் கூடாது என்பதற்கு 25° என்ற எண்ணே பதில். மூன்று வாரத்தில் இவ்வளவு இறுகிய மூட்டு இன்னும் ஐந்து வாரம் மடங்கியே இருந்தால் கட்டால் மட்டும் நேராகும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். அறுவைச் சிகிச்சை தள்ளிவைக்கப்பட்டதற்கும் காரணம் உண்டு. தோல் கிழியாத, எலும்புத் துணுக்கு பெயராத காயத்துக்கு நேராக வைத்திருத்தலே முதல் வழி. இறுகிய மூட்டில் நாணைத் தைத்தால் நீட்டமும் முழுதாக வராமல், இருக்கிற மடக்கமும் குறைந்துவிடும் அபாயம் உண்டு. கடைசியில் அறுவைதான் வேண்டியிருந்தாலும் மூட்டு முதலில் கையால் நீட்டும்போதாவது நேராக வேண்டும். ஆகவே கட்டில் செலவாகும் நாட்கள் எப்படியும் வீணாகாது.

அவர் யோசித்து மூன்றாவது வழியைத் தேர்ந்தார். தொடரில் மீண்டும் ஆடுவதில்லை என்பது அன்றே பயிற்சியாளரிடம் எழுத்தில் சொல்லப்பட்டது. வாரா வாரம் 'இந்த ஆட்டம் ஆடலாமா' என்ற கேள்வி எழாமல் இருக்க இது உதவியது.

மாவுக்கட்டு: 19 முதல் 33ஆம் நாள் வரை

முதல் எலும்பின் அடியிலிருந்து நுனிமூட்டுக்குச் சற்று முன்வரை மட்டும் மூடும் சிறு உருளைக் கட்டு. ஏறக்குறைய 2.5 செ.மீ. அகலப் பட்டை, இரண்டு மூன்று சுற்றுதான். நுனிமூட்டும் அடிமூட்டும் வெளியே இருந்தாக வேண்டும். கட்டு நீண்டு அவற்றையும் மூடினால் ஒரு மூட்டைக் காப்பாற்றப்போய் இரண்டை இறுக்கிவிடுவோம். கட்டும்போது விரலைப் பலமாக நெம்பவில்லை. வலியில்லாமல் எவ்வளவு நீளுமோ அந்த நிலையில் பிடித்து மாவு இறுகும்வரை வைத்திருந்தார்கள். 3 அல்லது 4 நாளுக்கு ஒருமுறை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து எடுத்து, புதிய நிலையில் மறுபடி கட்டப்பட்டது. குறைவு 25°, 18°, 10°, 4° என்று இறங்கி 33ஆம் நாள் மூட்டு முழுதாக நேரானது.

ஒவ்வொரு கட்டுக்குப் பிறகும் நகத்தை அழுத்திவிட்டு 2 விநாடிக்குள் நிறம் திரும்புகிறதா என்று பார்க்கப்பட்டது. நுனி மரத்தாலோ நீலமானாலோ அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்காமல் நீரில் ஊறவைத்துக் கட்டை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அப்படி நேரவில்லை.

ஸ்பிளின்ட்: 33 முதல் 94ஆம் நாள் வரை

வெந்நீரில் இளகும் பிளாஸ்டிக் தகட்டில் அவர் விரலுக்கே வார்த்த, மூட்டை அசையாமல் தாங்கும் ஸ்பிளின்ட். நடுமூட்டு 0°, நுனி வெளியே. இரவும் பகலும் 6 வாரம். மணிக்கு ஒருமுறை, விழித்திருக்கும் நேரமெல்லாம், நுனிமூட்டை மட்டும் 10 முறை மடக்க வேண்டும். இது வெறும் இறுக்கம் தளர்த்தும் பயிற்சி அன்று. நடுமூட்டு நேராக இருக்கும்போது நுனி மடங்கினால் பக்கப்பட்டைகள் நுனி நோக்கி இழுபட்டு மீண்டும் முதுகுப்பக்கம் ஏறுகின்றன, அறுந்த நடுப்பட்டையின் முனையும் ஒட்டிடத்தை நோக்கி நகர்கிறது. ஸ்பிளின்டைப் போட்டுவிட்டு இந்தப் பயிற்சியை விட்டவர்களுக்குப் பாதிச் சிகிச்சைதான் நடக்கிறது.

46ஆம் நாள் ஸ்பிளின்டின் அடியில் தோல் வெளுத்து ஊறியிருந்தது. ஓட்டப் பயிற்சியின் வியர்வையும் குளிக்கும் நீரும் உள்ளே தங்கியதே காரணம். அவர் தோலுக்குக் காற்றுப் பட வேண்டும் என்று தினமும் கொஞ்ச நேரம் கழற்றி வைக்கத் தொடங்கினார். 52ஆம் நாள் கழற்றிய நிலையில் துண்டைப் பிழியும்போது விரல் மடங்கியது. 'உள்ளே ஏதோ வழுக்கியதுபோல் இருந்தது' என்றார். அளந்தபோது தானாக நீட்டுவதில் 20° குறைவு திரும்ப வந்திருந்தது, கையால் நீட்டினால் மட்டும் முழுதாக நேரானது. அதுவரை கடந்த 19 நாட்கள் கணக்கில் சேர்க்கப்படவில்லை. 6 வாரம் 52ஆம் நாளிலிருந்து மீண்டும் எண்ணப்பட்டது.

அவருடைய தவறு என்று இதை விட்டுவிட முடியாது. எப்படிக் கழற்றுவது என்று வாயால் சொல்லியிருந்தார்களே தவிர, அவரே செய்துகாட்டும்படி யாரும் கேட்கவில்லை. 52ஆம் நாளுக்குப் பிறகு முறை மாற்றப்பட்டது. இரண்டு ஸ்பிளின்ட்கள், ஒன்று விரலில், மற்றது காய்ந்துகொண்டு. மாற்றும்போது உள்ளங்கை மேசையில் படிந்திருக்கும், மற்ற கை விரல் நுனியை மேசையோடு அழுத்திப் பிடித்திருக்கும், ஸ்பிளின்டை விரலின் நீளவாக்கில் உருவி எடுக்க வேண்டும். தோலைத் துடைத்து முழுதாக உலர்ந்த பிறகே அடுத்தது. குளிக்கும்போது கை முழுவதும் பிளாஸ்டிக் பையில். இதைச் சிகிச்சையாளர் முன்னால் தவறில்லாமல் செய்துகாட்டிய பிறகே அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன் பிறகு தோலும் கெடவில்லை, விரலும் மடங்கவில்லை.

இந்தக் காலம் முழுவதும் ஓட்டம், கால் வலுப் பயிற்சி, முதுகுத்தண்டைத் தாங்கும் தசைப் பயிற்சி எல்லாம் நடந்தன. மட்டையை இடக்கையால் தொடவில்லை. மற்ற மூன்று விரல்களால் பிடித்து மெதுவாக ஆடலாமா என்று கேட்கப்பட்டது. கீழே விழும்போது கை தானாக மூடிக்கொள்ளும் என்பதால் அனுமதிக்கப்படவில்லை.

மடக்கத் தொடங்கியது: 94ஆம் நாளிலிருந்து

முதல் வாரம் 30° வரை மட்டும் மடக்க விடும் ஸ்பிளின்ட். அடுத்தடுத்த வாரங்களில் 45°, 60°. ஒவ்வொரு படிக்கும் நிபந்தனை ஒன்றுதான்: தானாக நீட்டும்போது குறைவு 10° தாண்டக்கூடாது. மூன்றாம் வாரத்தில் 15° வந்தது. 45°க்குத் திரும்பி, பகலிலும் நேர் ஸ்பிளின்ட் போட்டு 6 நாள் கழித்துத் தொடரப்பட்டது. இரவு ஸ்பிளின்ட் மேலும் 8 வாரம்.

இந்தக் கட்டத்தில் விளையாட்டு வீரர்களுக்கு மடக்கத்தில்தான் அவசரம். மட்டையைப் பிடிக்க முடிகிறதா என்பதே அவர்களுடைய கேள்வி. மடக்கம் நாள்பட வந்துசேரும், ஆனால் அவசரப்பட்டு இழந்த நீட்டத்தைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம். அதனால் வாராந்திர அளவீட்டில் நீட்டத்தை முதலில் எழுதும்படி தாள் மாற்றப்பட்டது.

களத்துக்குத் திரும்புதல்

120ஆம் நாள் மட்டையைக் கையில் எடுத்தார். உச்சியில் 15 செ.மீ. நீளத்துக்குக் கூடுதலாக ஒரு கிரிப் சுற்றப்பட்டது. பிடி பருத்தால் மூட்டு குறைவாக மடங்கினால் போதும், குறைந்த அழுத்தத்திலேயே மட்டை நழுவாமல் நிற்கும். முதலில் நின்ற இடத்தில் பந்தை மட்டையால் தள்ளும் புஷ், பிறகு பந்தை நிறுத்துதல், பிறகு ரிவர்ஸ் ஸ்டிக். ஹாக்கிப் பந்தின் எடை 156 முதல் 163 கிராம் வரை. வேகமாக வரும் பாஸை நிறுத்தும் அதிர்வு மட்டை வழியாக நேரே மேல் கைக்கு வருகிறது என்பதால், எதிராளி இல்லாத பயிற்சிக்கே மூன்று வாரம் ஒதுக்கப்பட்டது. தடுப்பாட்டம் 145ஆம் நாளிலிருந்து, போட்டி 158ஆம் நாள். அதற்குள் தொடர் முடிந்து அடுத்ததன் ஆயத்தம் தொடங்கியிருந்தது.

கிளவுஸும் மாற்றப்பட்டது. நடுமூட்டைத் தாண்டி நுனிமூட்டுவரை கடினக் கவசம் வரும் முழுவிரல் வகை. உள்ளரங்க ஹாக்கியில் ஆட்டம் முழுவதும் தரையோடு நடப்பதால் இந்த வகையை அங்கே பலரும் இடக்கையில் போடுகிறார்கள்.

ஓராண்டு கழித்து

நடுமூட்டை நீட்டுவதில் 15° குறைவு தங்கிவிட்டது. மடக்கம் 92°, வலக்கையில் 105°. நுனிமூட்டு மடக்கம் 45°. பிடிவலு 27 கிலோ. காயத்துக்கு முந்தைய அளவு எதுவும் எடுத்து வைக்கப்படவில்லை என்பதால் எவ்வளவு இழந்தார் என்று துல்லியமாகச் சொல்ல வழியில்லை. மூட்டு நிரந்தரமாகப் பருத்திருக்கிறது. குளிர்ந்த காலைகளில் முதல் கால்மணி நேரம் இறுக்கமும் வலியும் உண்டு. அன்றாட வேலைகளுக்குத் தடை இல்லை. 15° குறைவுக்காக அறுவை செய்வதில் ஆதாயத்தைவிட மடக்கத்தை இழக்கும் அபாயமே பெரிது என்று கூறப்பட்டது, அவரும் ஏற்றார்.

ஆட்டத்தில் தெரிந்த மாற்றங்கள் எண்களைவிடப் பெரியவை. காணொளிகளை வைத்துப் பார்த்தபோது, இடப்பக்கம் தாழ்வாகத் தடுக்கப் போகும் வேளைகளில் அவர் இடக்கையைத் தரைக்கு முழுதாக இறக்காமல் மட்டையைச் சாய்வாக நிறுத்துவது தெரிந்தது. அந்த இடைவெளியில் பந்து அடியில் புகுந்து போனது. தான் அப்படிச் செய்வது அவருக்கே தெரியாது. தரையில் மென்பாய் விரித்து, மெதுவான பந்தில் தொடங்கி இதைத் திருத்த இரண்டு மாதம் பிடித்தது. பெனால்டி கார்னரில் முதலில் பாயும் பொறுப்பை அவர் தாமாகவே விட்டுக்கொடுத்தார், மீண்டும் ஏற்கவில்லை. அந்த இடத்தில் மட்டையையும் கையையும் நீட்டி, பந்தை மட்டையால் இழுத்துக் கோலை நோக்கி வேகமாக வீசும் டிராக் ஃபிளிக்கின் எதிரே போக வேண்டும். உடல் தேறிவிட்டதாலேயே அந்தப் பொறுப்பைத் திரும்ப எடுக்கும்படி யாரும் அவரை வற்புறுத்தவில்லை, அது சரியான முடிவு.

7ஆம் மாதத்தில் இடது முழங்கையின் வெளிப்பக்கம் வலி வந்தது. மோதிர விரல் தரவேண்டிய அழுத்தத்தைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகளும் ஈடுகட்டியதே காரணம் என்று கருதப்பட்டது. மட்டையடிப் பயிற்சியைப் பாதியாகக் குறைத்து, மணிக்கட்டு நிமிர்த்தும் தசைக்குச் சிறு எடையில் படிப்படியான பயிற்சி தரப்பட்டது. 8 வாரத்தில் அடங்கியது. விரல் காயம் விரலோடு முடியாமல் போகலாம் என்பதால் பிடிவலுப் பயிற்சியோடு முழங்கைப் பரிசோதனையும் தொடக்கத்திலிருந்தே சேர்த்திருக்க வேண்டும்.

முதல் நாளே நேராகக் கட்டியிருந்தால் மாவுக்கட்டுக் காலம் தேவைப்பட்டிருக்காது. 6 வார ஸ்பிளின்டும் அதன் பின் சில வாரம் படிப்படியான மடக்கமும் போதுமானதாக இருந்திருக்கலாம். குறை ஒன்றும் தங்கியிருக்காது என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

மாற்றப்பட்டவை

அணியின் முதலுதவி முறை இந்த நிகழ்வுக்குப் பிறகு மாற்றி எழுதப்பட்டது. விரல் மூட்டில் அடிபட்டவரிடம் முதலில் கேட்பது: விரல் எந்தப் பக்கம் போனது, பின்னாலா, உள்ளேயா, பக்கவாட்டிலா? பதில் அப்படியே பதிவேட்டில் ஏறும். அவருக்கே தெரியாவிட்டால் பக்கத்தில் ஆடியவரைக் கேட்பார்கள். கோணலாக நிற்கும் விரலை மைதானத்தில் யாரும் இழுப்பதில்லை. இருக்கும் நிலையிலேயே தாங்கல் வைத்து அனுப்புகிறார்கள்.

அடுத்தது அழுத்திப் பார்ப்பது. ஒரே விரல் நுனியால், மூட்டின் முதுகு நடுவில், இரு பக்கங்களில், உள்ளங்கைப் பக்கத்தில் தனித்தனியாக. முதுகு நடுவில்தான் வலி அதிகம் என்றால் இருக்கையின் விளிம்பில் எல்சன் சோதனை. மற்ற கையில் முதலில் செய்து காட்டிவிட்டால் ஆட்டக்காரருக்கு என்ன செய்வது என்று புரிந்துவிடும். வலியால் செய்ய முடியாவிட்டால் சோதனை சரி என்று எழுதக்கூடாது, 'செய்ய இயலவில்லை' என்றே எழுத வேண்டும்.

சோதனையில் நாண் அறுந்த அறிகுறி தெரிந்தாலும், சோதனையைச் செய்ய முடியாமல் போனாலும், பெட்டியில் இருக்கும் மெத்தை ஒட்டிய அலுமினியப் பட்டையை நுனிமூட்டை விட்டுவிடும் நீளத்துக்கு வெட்டி, விளிம்பை மழுக்கி, விரலின் முதுகில் வைத்து, மூட்டுக்கு மேலும் கீழும் டேப் போட்டு நடுமூட்டை நேராக நிறுத்துகிறார்கள். அன்று மீண்டும் ஆட்டம் இல்லை. ஒரு விதிவிலக்கு உண்டு. விரல் பின்னோக்கி வளைந்து மூட்டு நழுவியிருந்தால் முழு நேராகக் கட்டுவதே அதை மீண்டும் நழுவச் செய்யலாம். அதைச் சற்று மடங்கிய நிலையில் தாங்கி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். திசையை எழுதுவது இதற்காகவும்தான்.

எக்ஸ்ரே சீட்டில் 'இடக்கை' என்று மட்டும் எழுதுவது நிறுத்தப்பட்டது. எந்த விரல், எந்த மூட்டு, சரியான பக்கவாட்டுப் படம் தேவை என்று எழுதித் தருகிறார்கள். 'ஹாக்கியில் மேல் கை' என்ற குறிப்பையும் சேர்க்கிறார்கள்.

விரல் மூட்டில் அடிபட்ட எவரையும், அவர் ஆடிக்கொண்டிருந்தாலும், 7ஆம் நாளும் 14ஆம் நாளும் டேப்பைப் பிரித்து அதே சோதனையைச் செய்து கோணத்தை அளந்து எழுதுகிறார்கள். இந்த இரண்டு தேதிகளும் காயம் பட்ட அன்றே பயிற்சி அட்டவணையில் குறிக்கப்படுகின்றன. தொடர் தொடங்கும் முன் எல்லோருடைய இரு கைப் பிடிவலுவும் அளக்கப்படுகிறது. பெனால்டி கார்னரைத் தடுக்க நிற்பவர்கள் நடுமூட்டை மூடும் கிளவுஸ் போடுகிறார்கள். மற்ற நேரங்களில் சிலர் பிடியின் உணர்வு குறைகிறது என்று இன்னும் அரைவிரல் வகையையே விரும்புகிறார்கள். அவர்களிடம் மெத்தை எங்கே முடிகிறது என்பதைக் கையில் தொட்டுக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்ளப்படுகிறது.